பிராக்கெட்டுக்கு வெளியே ஒட்டின சீட்டு

இந்த ஆளு வாயை மூடவே மாட்டேங்குறார். உமாபதியைத்தான் சொல்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஏசி ஹால்ல, என் தங்கச்சி வேதவல்லிக்கு எதிர்ல உக்காந்துக்கிட்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டே இருக்கார். ஒரு சத்தமும் இந்தப் பக்கம் வரல. இந்தப் பக்கம் ஃபேன், கை கழுவுற இடம், ஈரத் துணி வாசனை, அப்புறம் நான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் புரசைவாக்கத்து ஓட்டல்ல காலியா ஒரு டேபிள் கிடைச்சா அது ஏன் காலியா இருக்குன்னு உக்காந்தப்புறம்தான் தெரியும். கை கழுவிட்டு வர்றவன் எல்லாம் என் காபி மேல உதறிட்டுப் போறான். குடிக்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கும்போதே ஆறிப் போச்சு, அதனால யோசனை முடிஞ்சுது. கண்ணாடி மேல சிவப்பு எழுத்துல 'குடும்பத்தினருக்கு மட்டும்'னு ஒட்டியிருக்கான். நானும் குடும்பம்தான். ஆனா வேதா ஆட்டோவுலயே சொல்லிட்டா. "நீ வெளிய உக்காரு ணா. உள்ள வந்தா நீதான் பேசுவ. நான் வடையைப் பாத்துக்கினு இருப்பேன்." அந்தாளு ஏதாவது ஏடாகூடமா கேட்டா என்ன பண்ணுவன்னு கேட்டேன். "மூக்குக்கண்ணாடியைக் கழட்டி டேபிள் மேல வைப்பேன். அப்ப வா. வீட்டுல மோட்டார் ரிப்பேர்னு சொல்லு." வாடகை வீட்டுல ஏதுடி மோட்டார்னு ஆட்டோக்காரர் முன்னாடியே கேட்டுட்டேன். அவர் சிரிச்சுட்டார். அதனால இப்ப நான் பாக்கிறது அவ முகத்தை இல்ல, அவ மூக்குக்கண்ணாடியை. அது மூக்கு மேலயேதான் இருக்கு. அவ ஒரு தடவை அதை மேல தள்ளினா, என் இதயம் ஒரு தடவை கீழ போய்ட்டு வந்துச்சு. உமாபதி நிறுத்தல. ரயில்வேல சிக்னல் பாக்கிறவராம். ராத்திரி பகல்னு ஒத்தை ஆளா ரூம்ல உக்காந்திருக்கிற வேலை. அப்படிப்பட்டவர் அமைதியா இருப்பார்னு நினைச்சேன். தப்பு. ஒத்தையா உக்காந்து உக்காந்து எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கார் போல, இன்னிக்கு என் தங்கச்சி தலையில கொட்டுறார். வடை வேற அப்படியே இருக்கு. பேசுற அவசரத்துல அவர் வடையையே தொடல. வடையைத் தொடாத ஆளை எப்படி நம்புறது.

நம்புறதுக்கு என்ன இருக்கு, ஒரு காபி குடிக்கத்தானே வந்திருக்காங்கன்னு சொல்லிக்கலாம். ஆனா வேதாவோட மறுமணத்துக்கு இது மூணாவது வரன். முதல் ரெண்டு பேர் இந்த ஓட்டல் வரைக்கும்கூட வரல, அந்த வரியைப் படிச்சதுமே நின்னுட்டாங்க. அந்த வரி, அந்த ஒரு வரி. நான் வேலை பாக்கிறது ஒரு சின்ன மேட்ரிமோனி ஆபீஸ்ல, புரோகிராம் எழுதுறேன். பொண்ணு மாப்பிள்ளை விவரம் எல்லாம் உள்ள இருக்கும், யாருக்கு எதைக் காட்டணுமோ அதை மட்டும் புரோகிராம் எடுத்துக் காட்டும். மறுமணப் பிரிவுல ஒரு வரி உண்டு, 'பிரிவுக்கான காரணம்'. வேதா அதுல எழுதினது ரெண்டே வார்த்தை. கணவர் பேசவில்லை. அவ்வளவுதான். எல்லாரும் குடி, சந்தேகம், வேற பொம்பளைன்னு எழுதுற இடத்துல இவ இப்படி எழுதி வெச்சா. எங்க சாந்தகுமாரி மேடம், அதான் ஓனர், படிச்சுட்டு என்னைக் கூப்பிட்டு, "துலுக்காணம், உங்க தங்கச்சி பாதியில எந்திரிச்சுப் போய்ட்டாங்களா, வரி முடியலையே"ன்னாங்க. முடிஞ்சுது மேடம்னேன். உண்மையிலயே அவ்வளவுதான். திருவள்ளூர்ல கட்டிக் குடுத்தோம். அந்தாளு அடிக்கல, குடிக்கல, சம்பளத்தை ஒழுங்கா வீட்டுக்குக் கொண்டாந்தான். இவகிட்ட மட்டும் பேச மாட்டான். இவ தட்டைக் கையில வெச்சுக்கிட்டு எதிர்லயே நிப்பா, அவன் அவங்க அம்மாவைப் பாத்து, "அவளைச் சோறு போடச் சொல்லும்மா"ம்பான். இவளுக்குக் காய்ச்சல் வந்தா, "டாக்டர்கிட்ட போகச் சொல்லும்மா"ம்பான். கட்டின நாள்லேருந்து அப்படியே. கோர்ட்டுல கவுன்சிலிங் பண்ற அம்மா ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சு, "நீங்களே பேசுங்க தம்பி"ன்னாங்களாம். அவன் அந்த அம்மாவைப் பாத்து, "அவங்களுக்கு என்ன குறைன்னு கேளுங்க மேடம்"னானாம். அதைச் சொல்லும்போது வேதா சிரிப்பா. நாங்களும் சிரிப்போம். ஆனா ரெண்டே வார்த்தையில படிக்கிறவனுக்கு அந்தத் தட்டு தெரியாது, காய்ச்சல் தெரியாது. முதல்ல வந்த வரனோட அம்மா போன்லயே, "பேசாத புருஷன் கிடைக்க நான் வேண்டாத சாமி இல்லம்மா, இவங்க அதை வேணாம்னுட்டு வந்திருக்காங்களே"ன்னாங்க. ரெண்டாவது ஆளு, பொண்ணு ரொம்ப எதிர்பார்க்கும் போலன்னு சொல்லி நின்னுக்கிட்டான். அதுக்கப்புறம்தான் நான் புரோகிராம்ல அந்த வரியை மறைக்கிற சீட்டு ஒண்ணைச் செஞ்சேன். அவ வாயால அவ சொல்லட்டும், எதிர்ல உக்காந்து, தட்டோட, காய்ச்சலோட, அந்தக் கவுன்சிலிங் அம்மாவோட. அதுக்கு முன்னாடி அந்த ரெண்டு வார்த்தை தனியாப் போய் அவன் முன்னாடி நிக்கக் கூடாது. இன்னிக்குத்தான் அவ அதை முதல் தடவையா ஒரு ஆளுகிட்ட முழுசா சொல்லப் போறா. சொல்றதுக்கு அந்தாளு இடம் குடுத்தாத்தானே.

இப்ப போனை எடுக்குறார். டேபிளுக்குக் கீழ, மடியில வெச்சு, குனிஞ்சு ஒரு பார்வை. பரிட்சையில பிட்டு பாக்கிற பையன் மாதிரி. மறுபடி நிமிர்ந்து பேச ஆரம்பிச்சுட்டார். என்ன பாத்திருப்பார்? மணியா? மணி பாக்கிறவன் குனிஞ்சு படிக்க மாட்டான். எங்க ஆபீஸ் அனுப்பின வேதாவோட விவரத்தைப் பாத்திருப்பார். பாக்கட்டும், அதுல உயரம் இருக்கு, படிப்பு இருக்கு, ஸ்கேன் சென்டர்ல வேலைன்னு இருக்கு, காரணம் இருக்காது, காரணத்து மேல நான் சீட்டு ஒட்டிட்டேன். ஒட்டினேன். எங்க ஒட்டினேன்? இதோ, இந்த இடத்துலதான் ஏதோ முள்ளு மாதிரி குத்துது. மெதுவா வரேன். சீட்டுன்னா நிஜ சீட்டு இல்ல, புரோகிராமுக்குள்ள எழுதுறது. ஆட்ரிபியூட்டும்போம். நாமளே சொந்தமா பேர் வெச்சு ஒண்ணு செஞ்சுக்கலாம். நான் 'மறைச்சுவை'ன்னு செஞ்சேன். அதுவா ஒண்ணையும் மறைக்காது. அது வெறும் சீட்டு. யாராவது வந்து, உன் மேல சீட்டு இருக்கான்னு கேட்டாத்தான் அதுக்கு உயிர். கூரியர் ஆபீஸ்ல 'உடையும் பொருள்'னு ஸ்டிக்கர் ஒட்டுவோமே, அந்த ஸ்டிக்கரா வந்து கண்ணாடிச் சாமானைத் தாங்கிப் பிடிக்குது? தூக்குறவன் படிச்சாத்தான் உண்டு. இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நான் கூரியர் ஆபீஸ்ல பகல் முழுக்க அதைத்தான் ஒட்டிக்கிட்டிருந்தேன், சாயங்காலம் ஈவினிங் காலேஜ். கையில பசை காயாமலே போய் கம்ப்யூட்டர் கீ எல்லாம் ஒட்டிக்கும். எனக்கு அடுத்து அந்தக் கம்ப்யூட்டர்ல உக்கார்ற பொண்ணு என்னைத் திட்டாத நாளே கிடையாது. அங்கதான் ஃப்ளவர் பிராக்கெட், அதான் புரோகிராம்ல போடுற நெளிஞ்ச அடைப்புக்குறி, அதைப் படிச்சேன். பிராக்கெட் திறந்தா உள்ள, மூடினா வெளிய. உள்ள பொறந்த பேரை வெளியேருந்து சும்மா கூப்பிட முடியாது. உள்ளயே இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அது தெரியும். வீட்டுக்குள்ள கூப்பிடுற செல்லப் பேர் தபால்காரனுக்குத் தெரியாத மாதிரின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சரி, முதல்ல சீட்டை எங்க ஒட்டினேன்? காரணம்ங்கிற வரி மேலயே. பிராக்கெட்டுக்குள்ள. அது சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் மேடம், குழந்தை விவரமும் மறைச்சுடு, கோர்ட்டு விவரமும் மறைச்சுடுன்னாங்க. ஒவ்வொரு வரி மேலயும் ஒட்டணுமான்னு சோம்பேறித்தனம். சோம்பேறித்தனம்னு சொல்ல மாட்டோம், சுத்தமா எழுதுறதும்போம். எல்லாச் சீட்டையும் கிழிச்சுட்டு ஒரே சீட்டா மொத்த மறுமணப் பிரிவோட தலையில ஒட்டினேன். தலைங்கிறது பிராக்கெட்டுக்கு மேல. மேலன்னா வெளிய. எனக்கு அப்பவே ஒரு சின்ன ஆச்சரியம். ஏன்னா அந்தச் சீட்டுல 'நேரில் கேட்கவும்'ங்கிற ஒரு வாசகத்தைப் போட வேண்டியிருந்துச்சு, அந்த வாசகத்துக்குப் பிராக்கெட்டுக்குள்ள நான் ஒரு பேர் வெச்சிருந்தேன், அந்தப் பேரைத் தலையில எழுதினா கம்ப்யூட்டர், அப்படி யாரையும் தெரியாதேங்குது. இத்தனைக்கும் ரெண்டு வரி கீழதான் அது உக்காந்திருக்கு. அப்ப அந்தச் சீட்டு இந்த வீட்டோடதா, தெருவோடதா? வீட்டைப் பத்தித்தான் பேசுது, வீட்டு மேலதான் ஒட்டியிருக்கு, ஆனா வீட்டுக்குள்ள யாரு என்ன பேருன்னு அதுக்குத் தெரியல. முழு விலாசத்தோட எழுதினேன், இந்தப் பிரிவுக்குள்ள இருக்கிற இன்ன பேருன்னு. ஒத்துக்கிச்சு. சத்தமே இல்ல, எரரே இல்ல. அதோட நானும் சந்தோஷமா டீ குடிக்கப் போய்ட்டேன். அங்கதான் நான் இன்னும் கொஞ்ச நேரம் ஆச்சரியப்பட்டிருக்கணும். பேர் தெரியலன்னு சொன்னப்பவே அது எனக்கு ஒண்ணு சொல்லியிருக்கு, நான் வெளிய இருக்கேன்னு. வெளிய இருக்கிறது உள்ள இருக்கிற ஒவ்வொண்ணையும் எப்படி மூடும்? மூட்டை மேல 'உடையும் பொருள்'னு ஒட்டினா அது மூட்டைக்குத்தான். மூட்டையைப் பிரிச்சுப் பார்சல் பார்சலா எடுத்துக்கிட்டுப் போறவன் கையில ஸ்டிக்கரே இருக்காது. இதை வருஷக்கணக்கா புதுசா வேலைக்குச் சேர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் கத்தினவன் நான். மூட்டையில ஒட்டாதடா, பார்சல்ல ஒட்டுடான்னு. பசை கையை விட்டுப் போச்சு, புத்தியும் அதோட போச்சு போல.

"வேற ஏதாவது சார்?" சர்வர். மூணாவது தடவை. வேற ஏதாவதுன்னா எந்திரிக்கிறியான்னு அர்த்தம். இன்னொரு காபின்னேன், இருக்கிற காபியைப் பாத்துட்டுப் போய்ட்டார். இரு, பதறாத. ஆபீஸ் ஸ்க்ரீன்ல நான் பாத்தேனே, காரணம் வரல, மறைஞ்சுதான் இருந்துச்சு. ஆமா, ஏன்னா ஆபீஸ் ஸ்க்ரீன் நான் எழுதினது. எனக்குச் சீட்டு தலையில இருக்கிறது தெரியும், நான் தலையைக் கேப்பேன். ஆனா போனுக்கு அனுப்புறது பெனடிக்ட் எழுதினது. ஆபீஸ்ல எனக்கு எதிர்ல உக்கார்ற பையன், தூத்துக்குடிக்காரன், நல்ல வேலைக்காரன், சொல்லாததை எதையும் செய்ய மாட்டான், அதுதான் இப்ப பயமா இருக்கு. அவன் எதைக் கேப்பான்? தலையையா, வரியையா? போன் போட்டேன். ரொம்ப நேரம் அடிச்சு, எடுத்தான். பின்னாடி ஆர்கன் சத்தம், பாட்டு. "அண்ணே, சர்ச்சுல பூசையில இருக்கேன்ணே." கிசுகிசுன்னு. ஒரே ஒரு கேள்விடா. போனுக்கு விவரம் அனுப்பறியே, மறைச்சுவை சீட்டு இருக்கான்னு நீ எங்க கேப்ப? "இதைக் கேக்கவா கூப்பிட்டிய?" சொல்லுடா. "ஒவ்வொரு வரியையும் கேப்பேன். உன் மேல சீட்டு இருக்கான்னு. இருந்தா விட்டுட்டுப் போவேன், இல்லன்னா அனுப்புவேன். நீங்கதான அப்படிச் சொன்னிய." பிரிவோட தலையைக் கேக்க மாட்டியா? "தலையை எதுக்குண்ணே கேக்கணும்? சீட்டு வரியிலல்லா இருக்கு." இல்லடா, புதன்கிழமை நான் தலைக்கு மாத்திட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே"ன்னான். சத்தம் போட்டே சொல்லிட்டான் போல, பக்கத்துல யாரோ உஸ்ஸுங்கிறது எனக்கே கேட்டுச்சு. ஆமாடா, சொல்லல. நல்லா ஆச்சு. பெனடிக்ட், மறுமணப் பிரிவுல எத்தனை பேரோட விவரம் வெளிய போய்க்கிட்டிருக்கும்? எல்லாரோடதும். அடிச்சவன், அடி வாங்கினவ, குழந்தையைக் குடுத்துட்டு வந்தவ, எல்லாக் காரணமும். உடனே அனுப்புறதை மொத்தமா நிறுத்துடா, உன் போன்லேருந்தே நிறுத்த முடியும்ல? "சாமியார்கிட்ட நன்மை வாங்கிட்டு வந்து நிறுத்தட்டா?" இப்பவே. "சரி, வெளிய போறேன். எங்க அம்மா முறைக்காவ." கதவு திறக்கிற சத்தம், தெரு சத்தம், ஒரு ஆட்டோ. "நிறுத்தியாச்சுண்ணே. இனி ஒண்ணும் போவாது. ஆனா போனது போனதுதான்." தெரியும். "அக்காவோடதும் போயிருக்கும்லா?" அதுவும் தெரியும். மேடத்துக்கு ஒரு மெசேஜ் தட்டினேன், என் மேல தப்பு, அனுப்புறதை நிறுத்தியிருக்கேன், நாளைக்கு எல்லாருக்கும் நானே போன் பண்ணிச் சொல்றேன்னு. அனுப்பிட்டு நிமிர்ந்தா புதுக் காபி வந்திருக்கு. அது மேலயும் நாலு சொட்டு.

அப்ப அந்தாளு மடியில படிச்சது அதைத்தான். கணவர் பேசவில்லை. படிச்சுட்டுத்தான் இப்படிப் பேசுறார். இப்ப இந்தப் பேச்சுக்கு வேற அர்த்தம் வருது. பாடம் எடுக்குறாரா? குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்மா, அனுசரிச்சுத்தான் போகணும்மா, இதுக்கெல்லாமா கோர்ட்டுக்குப் போவாங்கன்னு? அந்தக் கை ஆட்டுறதைப் பாத்தா அப்படித்தான் இருக்கு. வலது கையை இப்படிக் கொண்டாந்து அப்படி வெட்டுறார். அது ரயில் தண்டவாளத்தைக் காட்டுறாரா, என் தங்கச்சி செஞ்ச தப்பைக் காட்டுறாரா? வேதா கேட்டுக்கிட்டிருக்கா. அவ இன்னும் ஒரு வார்த்தை பேசல. மூக்குக்கண்ணாடி மூக்கு மேலயே. அவ சொல்ல நினைச்சு வந்ததை அந்தாளு ஏற்கனவே படிச்சுட்டான்னு அவளுக்குத் தெரியாது. தெரியாம, தட்டு, காய்ச்சல்னு ஆரம்பிப்பா. அவன், அதான் தெரியுமேன்னுடுவான். அதோட அவ வாய் மூடிடும். அந்த வாய் ஒரு தடவை மூடினா எப்ப திறக்கும்னு எனக்குத் தெரியும். திருவள்ளூர்லேருந்து வந்த புதுசுல அவளே எங்க வீட்டுல, "அண்ணாவைச் சாப்பிடச் சொல்லும்மா"ன்னு அம்மாகிட்ட சொல்ல ஆரம்பிச்சுட்டா. நான் எதிர்லயே உக்காந்திருக்கேன். அவளுக்கே தெரியாம அந்த வியாதி ஒட்டிக்கிச்சு. அதுலேருந்து மீண்டு, இன்னிக்கு ஸ்கேன் சென்டர்ல நாள் முழுக்க ஆளுங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுறா. உள்ள போய்ச் சொல்லிடலாமா? வேதா, சீட்டு தப்பான இடத்துல இருந்துச்சு, அவருக்குத் தெரியும்னு. எந்திரிச்சேன். கண்ணாடிக் கதவுகிட்ட போனேன். 'தள்ளவும்'னு எழுதியிருக்கு. கையை வெச்சேன், கண்ணாடி சில்லுன்னு இருந்துச்சு. மோட்டார் ரிப்பேர்னு சொல்றதா, சீட்டு ரிப்பேர்னு சொல்றதா? அப்பதான் அந்த இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்துச்சு. ஏன் இப்பன்னு தெரியல, சில்லுன்னு இருக்கிறதைத் தொட்டா சூடா இருக்கிறது ஞாபகம் வருமோ என்னவோ. சீட்டு செஞ்ச அன்னிக்கு வீட்டுக்குப் போய், வேதா, அந்த வரி இனிமே வெளிய போகாது, நீ நேர்ல சொல்லிக்கலாம்னேன். அவ புடவைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தா. ஒண்ணும் சொல்லல. மடிப்பைத் திருப்பிப் போட்டா, மறுபடி தேய்ச்சா. நான் சரின்னு எடுத்துக்கிட்டேன். எரர் வரலன்னா ஒத்துக்கிச்சுன்னு எடுத்துக்கிறது எங்க தொழில்ல பழக்கம். சொன்னேன். கேட்டேனா? மறைக்கட்டுமா வேணாமான்னு நான் கேக்கவே இல்லையே. திருவள்ளூர்க்காரன் அவங்க அம்மாகிட்ட பேசினான், நான் கம்ப்யூட்டர்கிட்ட பேசியிருக்கேன். கையை எடுத்துட்டேன். டேபிளுக்குத் திரும்பினா அங்க ஒரு குடும்பமே உக்காந்திருக்கு, குழந்தை என் காபியில விரலை விட்டுக்கிட்டிருக்கு. சரி, அதாவது அதைத் தொட்டுச்சே.

கை கழுவுற இடத்துல நின்னேன். நிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணுமேன்னு கையைக் கழுவினேன், ரெண்டாவது தடவையும் கழுவினேன். கண்ணாடி வழியா பாத்தா உமாபதி நிறுத்தியிருக்கார். முதல் தடவையா. வேதா பேசுறா. அவ உதட்டைப் பாத்தே எனக்குத் தெரியுது, இது தட்டு. கை ரெண்டும் தட்டைப் பிடிச்ச மாதிரி. இது காய்ச்சல், நெத்தியில புறங்கையை வெச்சுக் காட்டுறா. உமாபதி, அதான் தெரியுமேன்னு சொல்லல. தலையைக்கூட ஆட்டல, வடையைப் பாத்துக்கிட்டிருக்கார். கதையில கவுன்சிலிங் அம்மா வந்துட்டாங்க, வேதா கழுத்தைத் திருப்பி பக்கத்துக் காலி நாற்காலியைப் பாத்து அவன் சொன்னதைச் சொல்லிக் காட்டுறா. அப்ப அந்தாளு தலையைக் குனிஞ்சார், தோள் குலுங்குது. அழுறாரா? சிரிக்கிறார். வேதாவும் சிரிக்கிறா. சிரிச்சுக்கிட்டே மூக்குக்கண்ணாடியைக் கழட்டி டேபிள் மேல வெச்சா. ஐயோ. தள்ள வேண்டிய கதவை இழுத்து, அப்புறம் தள்ளி, உள்ள ஓடினேன். "வேதா, வீட்டுல மோட்டார்." அவ கண்ணைத் தொடைச்சுக்கிட்டிருந்தா. "நமக்கு ஏது ணா மோட்டார்? சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அதான் கழட்டினேன். மறந்தே போச்சு." உமாபதி எந்திரிச்சு, "வாங்க சார், உக்காருங்க. நீங்க வெளிய வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு இப்பதான் சொன்னாங்க"ன்னார். குரல் கரகரன்னு வருது, தொண்டை கட்டினவர் மாதிரி. நான் உக்காந்தேன், ஏசி முதுகுல பட்டு உடம்பு சிலிர்த்துச்சு. சார், நான் ஒண்ணு சொல்லணும், நான் எழுதின புரோகிராம்ல ஒரு சீட்டு, தப்பான இடத்துல ஒட்டிட்டேன், அதனால உங்க போனுக்கு ஒரு வரி... "பாத்தேன் சார். கணவர் பேசவில்லை." அவர் தலையைச் சொறிஞ்சார். "நான் பேசவே மாட்டேன் சார். சிக்னல் ரூம்ல யாருகிட்ட பேசுறது? என் முதல் சம்சாரம், செத்துப் போச்சே, அதுகூட, உங்களுக்கு நாக்குல பூட்டான்னு கேக்கும். வியாழக்கிழமை அந்த வரியைப் பாத்ததும் பயந்துட்டேன். மூணு நாளா என்னென்ன பேசணும்னு எழுதி எழுதிப் பழகினேன். போன்ல எழுதி வெச்சுக்கிட்டு வந்தேன். ரயில் எப்படித் தடம் மாறும்னு இவங்களுக்கு ரெண்டு தடவை சொல்லிட்டேன்." "மூணு தடவை"ன்னா வேதா. "என்னை இப்ப பெரம்பூர்ல தனியா விட்டா வண்டியைத் திருப்பிடுவேன்." நான் அவளைப் பாத்தேன். உனக்கு வரி வெளிய போனது தெரியுமா? "வியாழக்கிழமையே தெரியும் ணா. அவருக்கு அனுப்பினது என் போனுக்கும்தானே வந்துச்சு." ஏன் சொல்லல? "நீ எங்க கேட்ட? மறைச்சுட்டேன்னு சொன்ன. சரி, இவன் ஒட்டுற சீட்டும் இவனை மாதிரிதான்னு விட்டுட்டேன். படிச்சுட்டு யாரு வர்றாங்கன்னு பாப்போமேன்னு இருந்துச்சு." எனக்கு அந்த நேரத்துலயும் ஒரு பக்கம் மூளை அதையே சுத்துது. நாளைக்குச் சீட்டைத் தலையிலேருந்து எடுத்து, வரி வரியா உள்ள ஒட்டலாம். பெனடிக்ட் ஒழுங்கா மறைச்சுடுவான். ஆனா அப்பவும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் மறையும். சீட்டு ஆளுக்கு இல்ல, வகைக்கு. மறுமணம்னு ஒரு வகை எழுதி அது மேல ஒட்டினா அது வேதாவுக்கும் ஒண்ணுதான், அழுதுக்கிட்டே எழுதிக் குடுத்த இன்னொரு பொண்ணுக்கும் ஒண்ணுதான். ஒருத்தர் மறைக்கணும்ப்பாங்க, ஒருத்தர் வேணாம்ப்பாங்க. அது சீட்டால ஆகாது. இப்போதைக்கு எல்லாத்தையும் மறைச்சு வெச்சுட்டு, ஒவ்வொருத்தரையும் கேட்டு, அவங்கவங்க சொல்ற பதிலை அவங்கவங்க விவரத்துக்குள்ளயே வெக்கணும். நாளைக்கு எல்லாருக்கும் போன் பண்ணத்தான் போறேன். மன்னிப்புக் கேக்கிற வாயால இதையும் கேட்டுடலாம். யாருகிட்டேருந்து ஆரம்பிக்கிறது? எதிர்லயே உக்காந்திருக்காளே. வேதான்னு கூப்பிட்டேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாத்தா. அந்தக் காரணம் வரி, அது வெளிய தெரியட்டுமா, வேணாமா? நீ சொல்லு. அவ உடனே சொல்லல. இந்தத் தடவை நான் சரின்னு எடுத்துக்கல, காத்துக்கிட்டிருந்தேன். ஏசி மட்டும் உறுமிக்கிட்டிருந்துச்சு. "தெரியட்டும் ணா"ன்னா. "ஒரு மாசம் இருக்கட்டும். இவர் எழுதி வெச்சதெல்லாம் தீர்ந்தப்புறமும் பேசுறாரான்னு பாத்துட்டு, என் விவரத்தையே மொத்தமா எடுத்துடு." உமாபதி என்னவோ சொல்லணும்னு வாயைத் திறந்தார், குரலே வரல. தண்ணியை எடுத்துக் குடிச்சார், மடியில இருக்கிற போனைப் பாக்கப் போனார், பாக்காம அதைத் திருப்பிக் கவுத்து வெச்சார். அப்புறம் வடையைப் பிட்டு, பாதியை அவ பக்கம் தள்ளி, "நீங்க சாப்பிடுங்க"ன்னார்.